நர்ஸம்மாவின் கட்டைவிரல்

என்னைக் கேட்காமல், என் பெயரைக்கூடக் கேட்காமல், என் கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற பேருந்தில் அது நடந்தது. எழுபதுகளின் கடைசி. அந்தத் தடத்தில் பேருந்து வந்தால் வந்தது, வராவிட்டால் நாளைக்கு. என் மடியில் தகரப் பெட்டி. பெட்டிக்குள் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒற்றை வாத்தியாராகச் சேரச் சொல்லும் உத்தரவு. உட்கார இடம் கிடைத்த நிம்மதியில் கண்ணை மூடியிருந்தேன். கண்ணுக்குக் கீழே ஏதோ அழுத்தியது. விழித்துப் பார்த்தால், நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்துகொண்டிருந்தார்.

"வெளுத்து இருக்குது," என்றார். "கீரையே சாப்பிடறதில்லியா?"

நான் கண்ணமங்கலத்துக்காரன். எங்கள் வீட்டில் கீரை என்பது காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களுக்குப் போடுவது. நல்ல உடம்போடு இருக்கிறவன் அரிசிச் சோறும் குழம்பும் அப்பளமும் சாப்பிடுவான். இதை அப்படியே சொன்னேன். அந்த அம்மா நாக்கை மேலண்ணத்தில் வைத்து 'ச்ச்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தவர் தானாகவே கண்ணை விரித்துக் காட்டினார். இந்தத் தடத்தில் இது வழக்கம் என்று அப்போதுதான் புரிந்தது.

எங்கள் பகுதியின் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் அவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மாதாந்திர அறிக்கையின் அடியில் அதைக் கையெழுத்தாகப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மலை முழுக்க அவர் நர்ஸம்மா. கலசப்பாக்கத்தில் அரிசி மில்லில் வேலை செய்த அவருடைய கணவர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மேலே வருவார். அவரும் வாசலில் நின்று, "நர்ஸம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். உள்ளேயிருந்து, "முதல்ல கண்ணைக் காட்டு," என்று பதில் வரும்.

இரண்டு அறை கொண்ட அவருடைய குடியிருப்பும் என் பள்ளிக்கூடமும் எதிரும் புதிருமாக இருந்தன. அதனால் அவரை ஐந்து வருடம் மிக அருகில் இருந்து பார்த்தேன். அவருடைய வலது கட்டைவிரல் எப்போதும் கறுத்தே இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும், அடுத்த வீட்டுப் பெண்ணின் கண் மை திரும்பவும் ஏறிவிடும். கண்ணின் கீழ் இமைக்கு உள்பக்கம் செக்கச் செவேல் என்று இருந்தால் உடம்பில் ரத்தம் இருக்கிறது, வெளுத்திருந்தால் இல்லை. அவர் படித்த பாடத்தில் எத்தனையோ இருந்திருக்கும். இது ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கண்டக்டரின் கண்ணை இழுத்துப் பார்த்து ஒரு மாதம் முருங்கைக்கீரை சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர், நர்ஸம்மா ஏறாமல் விசில் கொடுப்பதில்லை. ஒரு கல்யாணத்தில் மணவறைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணை நிறுத்தி இமையை இழுத்தார். மை கன்னம் வரை இழுபட்டுவிட்டது. பெண்ணின் அத்தைமார்கள் முணுமுணுத்தார்கள். "மை போனா மறுபடி பூசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை பூமாலையை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். கீழேயிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் ஆய்வுக்கு வந்தார். நர்ஸம்மா பதிவேடுகளை வரிசையாக எடுத்து நீட்டினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்த நேரம். இந்த அம்மாவின் கை சும்மா இருக்குமா? எட்டிப் பிடித்து இமையை இழுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "சார், உங்களுக்கு ரத்தம் கம்மி," என்றார் நர்ஸம்மா, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். வேலை போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். பத்து நாளில் டிரைவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. எந்தக் கீரை, வாரத்துக்கு எத்தனை நாள் என்று எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்.

நர்ஸம்மா அடிக்கடி சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "பச்சையா இருக்கறதெல்லாம் ரத்தந்தான் வாத்தியாரே, இன்னும் செவக்கலை, அவ்ளோதான்." பச்சைப் பாம்பைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று நான் ஒருநாள் கேட்டேன். அன்று மாலை எனக்கு டீ கிடைக்கவில்லை.

டீ என்றதும் சொல்ல வேண்டும். கீரை சாப்பிட்டால் கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ ஒரு துளி புளிப்பு சேர வேண்டும், அப்போதுதான் அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்டும் என்பார். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் வந்த சத்தும் தங்காமல் போய்விடும் என்பார். இதைச் சொல்லும்போது அவர் கையில் டீ டம்ளர் இருக்கும். ஒரு நாளைக்கு ஏழு டீ. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நடந்து களைத்து வந்து, ராத்திரிக்குத் தனக்கென்று ஒரு பிடி அரிசி வடித்து ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். ஒருத்திக்காக எவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள் என்பார். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து மலைக் குடியிருப்புகளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கீழ்நாட்டிலிருந்து வேலையாக வருகிறவர் யாராக இருந்தாலும் அவர்களுக்கு நெல்லரிசிச் சோறுதான் போட வேண்டும். அதற்கென்றே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன மண்பானையில் இரண்டு படி அரிசி இருக்கும். கலசப்பாக்கம் சந்தையில் புளியைக் கொடுத்து வாங்கி வருவார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூட நல்ல நாளில்தான் அது. நாம் போய் உட்கார்ந்தால் வாழையிலையில் வெள்ளைவெளேர் என்று சோறு, மேலே துவரம்பருப்பு, பக்கத்தில் அப்பளம். அடுப்பு மூலையில் ஒரு கூடையைக் கவிழ்த்து எதையோ மூடி வைத்திருப்பார்கள். அதை யாரும் கேட்பதில்லை, அவர்களும் காட்டுவதில்லை.

கூடைக்கு அடியில் இருந்தது என்ன என்று எனக்கு வந்த மூன்றாம் வாரமே தெரியும். பிள்ளைகள் மத்தியானத்துக்குக் கொண்டுவருவதைப் பார்க்கிற வாத்தியாரிடம் எதை மறைப்பது? சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, மொச்சை. இவற்றோடு தினம் ஒரு கீரை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கை, பெயர் தெரியாத கொடிக்கீரைகள் என்று ஒரு வாரத்தில் வந்தது மறுவாரம் வராது. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு பெயர் மட்டும் கேட்டுக்கொள்வேன்.

அந்தக் குழந்தைகளில் இரண்டு பேருக்குத் தாய் சடச்சி. இருபத்தைந்து இருபத்தாறு வயது, ஊரில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிற வாய். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தாங்கள் தின்பதை நர்ஸம்மாவிடம் சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மரம் எண்ண வந்த ஒரு கீழ்நாட்டு ஆளுக்கு யாரோ வெள்ளந்தியாகக் களியும் கீரையும் வைத்திருக்கிறார்கள். அவர் இலையைத் தள்ளிவிட்டு, இதையா மனுஷன் தின்பான் என்று சொல்லி எழுந்துபோனாராம். அன்றைக்குப் பிறந்ததுதான் இந்த அரிசிப் பானை.

"சர்க்காரு நர்சுங்க அவங்க," என்றாள். "எங்க சட்டியில கெடக்கறத அவங்களுக்குப் போட்டா அவங்களுக்கு இன்னா மரியாதை கீது?"

நான் வாக்குக் கொடுத்தேன். அவர்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை வேறு. நர்ஸம்மாவுக்கு விஷயம் தெரிந்தால் அந்த வெள்ளைச் சோற்றை நிறுத்திவிட்டு அந்தச் சட்டியைத்தான் கேட்பார். அவருக்கு நின்றால் எனக்கும் நின்றுவிடும். சனிக்கிழமைதோறும் பள்ளிக்கு வராத பிள்ளைகளை விசாரிக்கிற சாக்கில் நான் அவரோடு குடியிருப்புகளுக்குப் போவதே அந்த இலைச் சாப்பாட்டுக்காகத்தான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, எந்நேரமும் பசி.

நான் வாயைத் திறக்காததன் பலன், நர்ஸம்மா தன் அறிக்கையில், 'இம்மலை மக்களிடம் கீரை உண்ணும் வழக்கம் இல்லை' என்று எழுதி அனுப்பினார். கீழேயிருந்து ஒரு துணிப்படம் வந்தது. அதில் கேரட்டும் ஆப்பிளும் தக்காளியும் கலர் கலராகப் பக்கத்தில் ஒரு சிவந்த குழந்தையோடு சிரித்தன. அவற்றில் தக்காளி ஒன்றைத்தான் அந்த ஊர் பார்த்திருந்தது. கூடவே ஒரு பொட்டலம் பாலக்கீரை விதையும் வந்தது.

நர்ஸம்மா தன் குடியிருப்புக்குப் பின்னால் நான்கு பாத்தி கட்டி விதைத்தார். பாலக் சுணங்கிச் சுணங்கி முளைத்தது. அதைச் சுற்றிக் களை மட்டும் முழங்கால் உயரம் கொழித்தது. திங்கட்கிழமை காலையில் சடச்சி இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, களை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். நர்ஸம்மா மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். அவர்கள் மடி நிறையக் களையைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். மறு திங்களும் வந்தார்கள், அதற்கு மறு திங்களும். 'மக்கள் ஒத்துழைப்பு மிக நன்று' என்று அறிக்கையில் ஒரு வரி ஏறியது. அவர்கள் மடியில் போனது பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் என்பது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அவையே கடைந்து என் பள்ளிக்கூடத்துக்கு வரும். பாலக்கை ஒரு நாள் ஆடு மேய்ந்துவிட்டது. ஆட்டின் கண்ணையும் நர்ஸம்மா இழுத்துப் பார்த்தார்.

இதில் அவரைத் தூங்கவிடாத புதிர் ஒன்று இருந்தது. சடச்சியின் கண். எப்போது இழுத்துப் பார்த்தாலும் மாதுளை முத்துப் போல் சிவந்திருக்கும். மூன்று பிள்ளை பெற்றவள், நாள் முழுக்கக் கொல்லைமேட்டில் மண்ணைக் கொத்திக் கிடப்பவள், கீரையே சாப்பிடாதவள், அவளுக்கு எப்படி இந்த ரத்தம்? அவளையே கேட்டார். "மலைக்காத்துங்க," என்றாள் சடச்சி, என்னைப் பார்க்காமல். நர்ஸம்மா அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். எல்லாருக்கும் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று வெளுத்துப்போன நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, எதிரில் நின்று விழுங்க வைத்துத் தேற்றியது நர்ஸம்மாதான். வயிற்றைப் புரட்டுகிறது என்று யாராவது சொன்னால், முழுங்கிட்டுச் சொல்லு என்பார்.

என் மூன்றாம் வருடம் தொடக்கத்தில் நர்ஸம்மா மேட்டில் ஏறும்போது நின்று நின்று ஏற ஆரம்பித்தார். வழியில் எந்த மரத்தைக் கண்டாலும் அதைப் பார்த்து ரசிப்பவர் போல் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகுதான் தெரிந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவருக்குப் பிள்ளை தங்கியிருந்தது. அவருடைய கணவர் மலைக்கு வந்தபோது, வாசலில் நின்று ஒன்றும் கேட்காமல் அழுதார்.

ஐந்தாம் மாதம் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவர் முகம் சரியில்லை. இரண்டு நாள் கழித்து, டீயை ஆற்றிக்கொண்டே, பாடம் ஒப்பிப்பது போல் சொன்னார். ரத்தம் ஏழுதான் இருக்கிறதாம். குறைந்தது பத்தாவது வேண்டும். பெண் டாக்டர் அவர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, நீயெல்லாம் ஒரு நர்ஸா என்று கேட்டாராம். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாயும் தாங்க மாட்டாள், பிள்ளைக்கும் நிச்சயமில்லை. இரண்டு மாதம் கெடு. மாத்திரையை விடாமல் போட்டு, நன்றாகச் சாப்பிட்டு ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏறாவிட்டால் கீழேயே படுக்க வைத்துவிடுவார்கள்.

"மாத்திரை நிக்க மாட்டேங்குது வாத்தியாரே," என்றார். "போட்டதும் வாந்தி. எத்தினி பேரை முழுங்கு முழுங்குன்னு மெரட்டியிருக்கேன்."

நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். கூடைக்கு அடியில் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் சனிக்கிழமை. வேண்டாம் என்றாலும் கேட்காமல் கிளம்பிவிட்டார். சடச்சியின் ஊருக்கு ஒரு மணி நேர ஏற்றம், நாங்கள் இரண்டு மணி நேரம் ஏறினோம். அவள் வீட்டு வாசலில் நர்ஸம்மா புடவையைக்கூடச் சரி செய்யாமல் தொப்பென்று உட்கார்ந்தார். பை ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். சடச்சி தண்ணீர் கொடுத்தாள். உள்ளே போய் இலை போட்டு, வெள்ளைச் சோறும் பருப்பும் வைத்து, கைத்தாங்கலாக அழைத்துப்போய் உட்கார வைத்தாள். எனக்கும் ஓர் இலை. நர்ஸம்மா இரண்டு வாய் வைத்தார். மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை. இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சடச்சி அவர் எதிரில் குந்தினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு நாளும் வாங்க போங்க என்று பேசியவள், அன்றைக்குத்தான் முதல்முறை மாற்றிப் பேசினாள்.

"நர்ஸம்மா, கண்ணைக் காட்டு."

நர்ஸம்மா என்ன என்பது போல் நிமிர்ந்தார். அதற்குள் சடச்சியின் கட்டைவிரல் போய் இமையை இழுத்துவிட்டது. நர்ஸம்மா பிடிப்பது போலவே பிடித்து, அவர் சாய்ப்பது போலவே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். 'ச்ச்' என்ற அந்தச் சத்தம்கூட அப்படியே வந்தது.

"வெளுத்துக் கெடக்குது," என்றாள். "ஊருக்கெல்லாம் சொல்ற. நீ இன்னா துன்ற?"

"நீங்க போடறதைத்தான் சடச்சி," என்றார் நர்ஸம்மா.

குறை சொல்லவில்லை அவர். வாரத்தில் நான்கு நாள் நான்கு ஊர்களில் அந்த வெள்ளைச் சோற்றைத்தான் சாப்பிடுகிறார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் சடச்சி அசையாமல் இருந்தாள். இலையில் கிடந்த சோற்றைப் பார்த்தாள். அடுப்பு மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் எழுந்து இலையைச் சோற்றோடு எடுத்துப் போய் வெளியே இருந்த கோழிக்குப் போட்டாள். விருந்தாளியின் முன்னாலிருந்து இலையை எடுப்பது அந்த ஊரில் நடக்காத காரியம். திரும்பி வந்து கூடையைத் தூக்கினாள். ஒரு சட்டியில் சாமைச் சோறு. இன்னொரு சட்டியில் புளி விட்டுக் கடைந்த கீரை, மேலே காய்ந்த மிளகாய் மிதந்தது. அந்தப் புளிப்பு வாசனை வந்ததும் நர்ஸம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கர்ப்பிணிக்கு வேறு என்ன வேண்டும்? யாரும் பரிமாறக் காத்திருக்காமல் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முதல் சட்டி முடிந்தது. வாந்தி வரவில்லை. மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை விரலை நக்கிக்கொண்டே, இது என்ன கீரை, எங்கே கிடைக்கிறது என்று விசாரித்தார்.

"உங்க தோட்டத்துதுங்க," என்றாள் சடச்சி, பழைய மரியாதைக்குத் திரும்பி. "திங்கக்கெழம வந்து புடுங்கறமே, அதுதான்."

நர்ஸம்மா விரலை நக்குவதை நிறுத்தினார். கன்னத்தில் சடச்சியின் விரல் பட்ட இடத்தில் பச்சையாக ஒரு கோடு இருந்தது. காலையில் கீரை ஆய்ந்த கறை. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா வாத்தியாரே?"

"தெரியும்."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமா," என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். 'மக்கள் ஒத்துழைப்பு' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சடச்சிக்கு அது என்னவென்று புரியாமலே அவளும் சிரித்தாள். என்னால் மட்டும் முடியவில்லை. சிரிப்பு ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர், அடுத்த மூன்று நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு நியாயமாக வர வேண்டியவைதான்.

நான்காம் நாள் தண்டனை அறிவிக்கப்பட்டது. அவர் சாப்பிடுவதையே நானும், அவர் எதிரில் உட்கார்ந்து, மத்தியானமும் ராத்திரியும் சாப்பிட வேண்டும்.

சடச்சியின் ஊரில் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கு வருகிற பிள்ளைகளோடு நாளைக்கு ஒரு வீட்டுச் சட்டி இறங்கும். பண்ணைக்கீரைக் கடைசல், முருங்கைக்கீரைப் பொரியல், கேழ்வரகு அடை, மொச்சைக் குழம்பு. கூடவே காட்டு நெல்லிக்காய் ஒரு பிடி. ஒரு வீட்டில் அனுப்பிய கீரை மறு வீட்டில் வந்துவிடக் கூடாது என்று சடச்சியின் உத்தரவு. நர்ஸம்மா சாப்பிட்டு அரைமணி கழித்து மாத்திரையைப் போட்டார். வயிற்றில் சோறு இருந்ததால் அது அடங்கிக் கிடந்தது. இனி வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்லி யாரையும் மிரட்டுவதில்லை என்று அன்றே முடிவு செய்தார். ஏழு டீ இரண்டாகக் குறைந்தது, அதுவும் சாப்பாட்டுக்கு ரொம்பத் தள்ளி. டீ இல்லாத அந்த முதல் வாரத்தில் அவரிடம் யாரும் கண்ணைக் காட்டப் போகவில்லை, எரிந்து விழுந்தார்.

முதல் பத்து நாள் நான் கீரையை மருந்து போல் விழுங்கினேன். பதினோராம் நாள் தொய்யக்கீரைச் சட்டியின் அடியை வழித்துக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா பார்த்துவிட்டார்.  கட்டைவிரலை மட்டும் நீட்டினார். நானே போய்க் கண்ணைக் காட்டினேன்.

துணிப்படத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டார். குடியிருப்புகளுக்குப் போனால் இப்போது நேராக அடுப்பு மூலைக்குப் போய்க் கூடையைத் தூக்கிப் பார்ப்பார். முதலில் பெண்கள் கூசினார்கள். அவரே தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் கூச்சம் போயிற்று. வெளுத்துப்போன பெண்களிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் இப்போது உண்மையான பதில் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருந்தால்தான் அவர்களுக்கு என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீடுகளின் ஆண்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். அரிசிப் பானைகள் மறுபடி நல்ல நாளுக்கே போய்விட்டன. என் இலைச் சாப்பாடு அதோடு முடிந்தது.

கெடு முடிந்து அவர் கீழே போன அன்று நான் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சடச்சி காலையிலேயே இறங்கி வந்து பேருந்து நிற்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கொல்லையில் வேலை இல்லையா என்று கேட்டதற்கு, அது எங்கே போய்விடும் என்றாள். மாலை நான்கு மணி பேருந்து ஆறு மணிக்கு வந்தது. கண்டக்டர் முதலில் இறங்கி, பத்து புள்ளி நான்கு என்று எங்களுக்குச் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்றால், பேருந்தில் இருந்த எல்லோருக்குமே தெரியும், நர்ஸம்மா போளூரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். பத்து என்றால் எவ்வளவு என்று சடச்சிக்குத் தெரியாது. நான் அழுவதைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். நல்ல சேதி என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிரசவம் கீழேதான் நடந்தது. பெண் குழந்தை. தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் மலைக்குத் திரும்பினார். நான்கு ஊர்ப் பெண்களும் குடியிருப்பு வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருத்தியும் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள், திருஷ்டி கழித்தாள், நெல்லியோ தேனோ கொண்டுவந்ததை வைத்தாள். கணவர் ஓரமாக நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

சடச்சி கடைசியாக வந்தாள். குழந்தையை அவள் பார்க்கவே இல்லை. நேராக நர்ஸம்மாவிடம் போய், வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தாள். முதலில் இடது கண், பிறகு வலது கண். அவசரமே படவில்லை.

"செவந்து கீது," என்றாள். "இப்ப புள்ளயக் குடு."

நர்ஸம்மா மறுபேச்சுப் பேசாமல் குழந்தையை அவள் கையில் கொடுத்தார்.